பலகையை அறுக்கும் முன் வூஃபரை அளந்துவிடுங்கள்

சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்யும் ஆசையில் எட்டு அங்குல வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கர்) இரண்டு வாங்கி ஏமாந்தேன். அட்டையில் 300 வாட் என்று கொட்டை எழுத்து. பின்னால் ரப்பர் உறை போர்த்திய பெருங்காந்தம். ஒத்ததிர்வு (கூம்பு தானாகவே அதிகம் ஆடும் அதிர்வெண்) எத்தனை ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த ஆட்டம் எவ்வளவு அடங்காமல் நிற்கிறது என்று சொல்லும் எண்) எவ்வளவு என்று விற்றவரிடம் கேட்டேன். தயங்காமல் ஒரு தாளை நீட்டினார்: 35 ஹெர்ட்ஸ், 0.38. துளை வைத்த பெட்டிக்கென்றே அளந்து தைத்தது போன்ற எண்கள். தாளில் மாடல் எண்ணே இல்லை என்பதை வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அந்த எண்களை நம்பி 40 லிட்டர் பெட்டி இரண்டு செய்தேன். பாட்டைப் போட்டால் பேஸ் கிட்டாரின் எல்லாச் சுரமும் ஒரே ‘தொம்’. பஞ்சு அடைத்தேன், துளையில் வைத்த குழாயை நீட்டினேன், தொம் போகவில்லை.

பிறகுதான் அளந்தேன். 1000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் இணைத்து, ஆம்ப்ளிஃபையர் வழியாக அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தம் உச்சம் தொடும் இடம்தான் ஒத்ததிர்வு. எனக்கு அது 61 ஹெர்ட்ஸில் வந்தது. க்யூ.டி.எஸ். 0.9. (ஓம் மட்டும் பொய்யில்லை. 8 ஓம் வூஃபருக்கு மல்டிமீட்டர் 6.2 காட்டுவது இயல்பே.)

ரப்பர் உறையை அறுத்துப் பார்த்தேன். உள்ளே பாதி அளவுக் காந்தம், சுற்றிலும் வெற்றிடம். காந்தம் வலுவிழந்தால் கம்பிச்சுருளின் மீது பிடி தளரும். கூம்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த 0.9 சொல்வது இதைத்தான். துளையை அடைத்து மூடிய பெட்டியாக்கினாலும் பயனில்லை: பெட்டிக்குள் போனால் அந்த எண் ஏறுமே தவிர இறங்காது.

விற்றவரிடம் போனேன். “ஐம்பது மணி நேரம் ஓடவிடுங்கள், பழகிவிடும்” என்றார். ஓடினால் ஒத்ததிர்வு கொஞ்சம் இறங்குவது உண்மை. 61 எந்நாளும் 35 ஆகாது. ஓடவிட்டுத் திரும்பப் போனபோது பெட்டி செய்தது தவறு என்றார். கடைசியில் வூஃபரின் உலோகச் சட்டத்தைத் திருப்பி, திருகுத் தடத்தைக் காட்டி, “பொருத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை” என்று முடித்துக்கொண்டார்.

ஆகவே திருகைத் தொடும் முன்பே அளந்துவிடுங்கள். உறைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அளவீட்டில் தெரிந்துவிடும். வாட் எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். இருமடங்கு வாட் கொடுத்தாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

அந்த இரண்டு வூஃபர்களையும் பின்பக்கம் திறந்த வெறும் பலகையில் மாட்டிவிட்டேன். அவ்வளவு க்யூ.டி.எஸ்.ஸுக்கு அதுதான் ஒத்துவரும். பெட்டிகள் காலியாக நிற்கின்றன.