டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: 2014 புத்தகமா, 2024 புத்தகமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு வாள்வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. அதன் ஆட்டக்காரர் விதிப்புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வரும் என்று 2022 ஓகஸ்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து வெள்ளவத்தையில் எங்கட சனிக்கிழமை மேசை இரண்டாகிவிட்டது. "வாங்கின புத்தகம் வீணாப் போச்சே" என்று ஒரு பக்கம். "வாள்வீரனுக்கு இப்பவாவது விடிஞ்சுதே" என்று மறுபக்கம்.

காசு: பழையது கையில் இருந்தால் செலவில்லை. புதியது 2024இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் 49.99 டொலர், கொழும்புக்கு எடுப்பிக்கும் கூலி வேறு. அடிப்படை விதிகள் இரண்டுக்குமே இணையத்தில் இலவசம்.

தேடும் வசதி: பழையது 320 பக்கம், புதியது 384. ஆனாலும் புதியதில் விதிச்சொற்கள் கடைசியில் அகரவரிசையில் இருப்பதால் தேடுவது சுகம்.

ஆட்டம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். பழையதில் வாள்வீரன் "வெட்டுறன்" என்று பகடையை உருட்டினால் பெரும்பாலும் அவ்வளவுதான். புதியதில் ஆயுதத்துக்கு ஆயுதம் தனி வித்தை. பெருங்கோடரி பக்கத்தில் நிற்பவனையும் வெட்டும். போர்ச்சுத்தியல் எதிரியைப் பத்தடி தள்ளும். முதல்முறை எதிரியைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டபோது தங்கச்சி கதிரையை விட்டே எழும்பிவிட்டா. காயமாற்றும் மந்திரத்துக்கும் ஒரு எட்டுமுகப் பகடை இரண்டாகியிருக்கிறது.

பாதிக் கதையில் நிற்பவர்கள் பழையதிலேயே முடியுங்கோ. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, யோசிக்காமல் 2024.