பழைய பனோரமா பிலிம் கேமரா வாங்குமுன்: ஹொரைசன் 202-உடன் ஏழு ஆண்டுகள்

ஹொரைசன் 202 என் கைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1989 முதல் தயாரான மாடல் இது. பேட்டரியும் கிடையாது, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியும் கிடையாது. 28 மிமீ லென்ஸ் ஓர் உருளைக்குள் உட்கார்ந்திருக்கும். ஷட்டரை அழுத்தினால் உருளை சரேலென்று திரும்பி, 120 டிகிரி அகலக் காட்சியை 24 × 58 மிமீ நெகட்டிவில் பதித்துவிடும். 36 படத்துக்கான பிலிம் சுருளில் 21 அல்லது 22 படம் வரும். சட்டம் போட்டு மாட்டலாம் என்று நான் எடுத்து வைத்த படங்களில் பெரும்பாலானவை இந்தக் கேமராவில் எடுத்தவைதான். அவ்வளவு பிடித்த கேமரா. ஆனால் முதல் மூன்று மாதம் என்னைப் படாத பாடு படுத்தியது.

நான் வாங்கியது ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. உடம்பில் கீறல் இல்லை, லென்ஸ் பளிச்சென்று இருந்தது. விற்றவர் நான்கைந்து மாதிரிப் படங்களும் காட்டினார், எல்லாம் அருமை. என் முதல் சுருளும் நன்றாகவே வந்தது: மரங்கள், கட்டடங்கள், கூட்டம். இரண்டாவது சுருளை ஒரு திறந்தவெளியில் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் வானத்தில் செங்குத்தாக மூன்று வெளிறிய பட்டைகள். முதலில் ஸ்கேனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதிலேயே பட்டை இருந்தது. திரும்பவும் முதல் சுருளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் பட்டை! இலைகளுக்கும் சன்னல்களுக்கும் நடுவே கண்ணில் படாமல் ஒளிந்திருந்தது. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரும் வானத்தை எடுத்தே இருக்க மாட்டார்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் சரியாகச் சோதிக்க முடியும். சாதாரண கேமராவில் ஷட்டர் ஒருமுறை திறந்து மூடினால் வேலை முடிந்தது. லென்ஸ் சுழலும் கேமராவில் உருளையின் பின்புறம் ஒரு குறுகிய பிளவு இருக்கும். அது பிலிமின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்ந்துகொண்டே ஒளியைத் தடவிச் செல்லும். சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கை ஓர் இடத்தில் தயங்கினால் அங்கே பூச்சு தடித்துவிடும். உருளையும் அப்படித்தான். தயங்கிய இடத்தில் பிலிமுக்கு அதிக ஒளி கிடைத்து, படத்தில் வெளிறிய பட்டை விழும். கிரீஸ் காய்ந்திருப்பது, பல்சக்கரத்தில் அழுக்கு, பிலிம் துணுக்கு, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். என் கேமராவில் காய்ந்த கிரீஸ், பிலிம் துணுக்கு இரண்டுமே இருந்தன. பழுது பார்த்தவர் பல்சக்கரத்தின் இடுக்கிலிருந்து நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பிலிம் துண்டை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். எப்போதோ, யாரோ முரட்டுத்தனமாகச் சுற்றியபோது பிலிம் ஓரத்தில் இருக்கும் துளை கிழிந்து உள்ளே விழுந்த துணுக்கு அது.

அதனால் வாங்குமுன் முதலில் கேட்க வேண்டியது வானத்தின் படம். மேகமில்லாத வானம், அல்லது சீராக வெளிச்சம் விழும் வெற்றுச் சுவர். 1/250 நொடியில் எடுத்ததாக இருப்பது முக்கியம். ஹொரைசனில் 1/60, 1/125, 1/250 என்று போகப் போகப் பிளவுதான் குறுகுகிறது. பிளவு குறுகக் குறுகப் பட்டையின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். 1/60-இல் அது கரைந்து மறைந்துவிடக்கூடும். ஸ்கேன் கேட்கும்போது ஓரத் துளைகளும் சேர்ந்து தெரியும்படி முழு நெகட்டிவையும் கேளுங்கள். இதற்குக் காரணம் உண்டு. உருளை தயங்கியதால் வந்த பட்டை படச் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். ஒளிக்கசிவு அப்படி நிற்காது, பெரும்பாலும் துளைகள் இருக்கும் ஓரம் வரை வழிந்திருக்கும். பட்டைக்கு வைத்தியம் எண்ணெய் கிரீஸ் வேலை, கசிவுக்கு வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் பழுதுக்கு அனுப்பினால் நாளும் போகும், பணமும் போகும்.

கேமராவை நேரில் பார்க்கக் கிடைத்தால் பிலிம் இல்லாமலே பாதி சோதனையை முடித்துவிடலாம். வேகத்தை 1/2 நொடிக்கு வைத்து ஷட்டரை விடுங்கள். இதுபோன்ற மெதுவான வேகங்களில் உருளை கண்ணுக்குத் தெரியும்படி நகரும். ஓசை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு விக்கல், கடைசியில் ஓர் இழுவை இருந்தால் காதுக்கே தெரிந்துவிடும். 1/60 முதல் 1/250 வரையிலான வேகங்களுக்கு ஃபோனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்தாமல் இருபது தடவையாவது ஓட்டுங்கள். இன்னொரு விஷயம்: அலமாரியில் பத்து வருடம் புதுசு போலவே தூங்கிய கேமராவைவிட, அங்கங்கே தேய்ந்து, மாதம் ஒரு சுருள் ஓடிய கேமராவையே நான் நம்புவேன். ஓடிக்கொண்டிருந்தால் கிரீஸ் அவ்வளவு சீக்கிரம் இறுகாது.

அப்புறம் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிலிம் போகும் பாதை வளைவானது. அங்கே ஒரு மணல் துகள் இருந்தாலும் சுருளின் நீளம் முழுக்க நேர்க்கோடாகக் கீறும். உருளைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒளியைத் தடுக்கும் பகுதி தேய்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அதற்குப் பிலிம்தான் வேண்டும். பிலிமை அடுத்த படத்துக்குச் சுற்றிவிட்டு, லென்ஸ் பக்கத்தை வெயிலில் ஐந்து நிமிடம் காட்டிய பிறகு ஒரு படம், சுற்றிய உடனே ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னுடையதில் இலேசான கசிவு இன்றும் இருக்கிறது. எடுக்கப் போகும்போதுதான் பிலிமைச் சுற்றுவேன், கேமராவைத் திறந்த வெயிலில் தொங்கவிட மாட்டேன். அந்த அளவுக்கு என்றால் சமாளிக்கலாம், வாங்கலாம்.

வ்யூஃபைண்டரில் தெரியும் ரசமட்டக் குமிழியையும் பாருங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இந்த வகைக் கேமரா கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்தாலே தொடுவானம் வில்லாக வளைந்துவிடும். குமிழி உலர்ந்துபோயிருந்தால் கையில் பிடித்து எடுப்பது பெரிய கஷ்டம். கைப்பிடியும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் பிடித்தால் விரல் படத்துக்குள் வந்துவிடும்.

லென்ஸ் சுழலும் இன்னொரு கேமராவான ஜப்பானின் வைட்லக்ஸுக்கும் இதே சோதனைகள்தான். அதில் 1/15, 1/125, 1/250 என மூன்றே வேகங்கள். மூன்றிலும் வானத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் நோப்லெக்ஸில் உருளை மோட்டாரில் ஓடும். முதலில் அரைச் சுற்று ஓடி வேகம் நிலைத்த பிறகே பிளவு பிலிமைத் தொடும் என்பதால் பட்டைத் தொல்லை குறைவு. ஆனால் மோட்டாரும் மின்சுற்றும் நன்றாக இருக்கின்றனவா என்ற கவலை வந்து சேர்கிறது.

அந்தக் கவலை எக்ஸ்பானில் இன்னும் பெரிது. நண்பருடைய எக்ஸ்பான் ஆறு மாதம் என்னிடம் இருந்தது. ஹாசல்பிளாட், ஃபுஜிஃபிலிம் இரண்டும் சேர்ந்து 1998-இல் கொண்டுவந்த கேமரா. ஜப்பானில் டிஎக்ஸ்-1 என்ற பெயரில் விற்றார்கள். இதில் உருளை கிடையாது, 24 × 65 மிமீ படத்தை ஒரே வீச்சில் எடுக்கும். பிலிமைப் போட்டதும் முழுச் சுருளையும் வெளியே இழுத்துக்கொண்டு, எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாக டப்பாவுக்குள் திருப்பி அனுப்பும். அதனால் ஒரு வீணான பிலிமைப் போட்டு, அது போவதையும் வருவதையும் முழுவதும் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். உள்ளே மின்சுற்று போய்விட்டால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. தூரத்தில் ஒரு கம்பத்தைப் பார்த்து லென்ஸை முடிவிலிக்குத் திருப்பினால் வ்யூஃபைண்டரில் தெரியும் இரட்டைப் பிம்பம் ஒன்றாகப் பொருந்த வேண்டும். வெளிப் பூச்சு உரிந்திருந்தால் கவலைப்படாதீர்கள், விலை பேச அது ஒரு வசதி. 45 மிமீ லென்ஸில் ஓரம் கொஞ்சம் கருக்கும், அது கோளாறு அல்ல. 30 மிமீ லென்ஸ் வாங்குவதாக இருந்தால் ஓரம் கருப்பதைச் சமன்செய்யும் நடுவடிகட்டியும் தனி வ்யூஃபைண்டரும் கூட வருகின்றனவா என்று கேட்டுவிடுங்கள். தனியாகத் தேடி வாங்குவது பெரும்பாடு.

‘பனோரமா’ என்று எழுதியிருக்கும் சிறிய கேமராக்களில் பல, வழக்கமான 24 × 36 சட்டத்தின் மேலும் கீழும் மறைத்து 13 × 36 மிமீ பட்டையாக எடுப்பவைதான். அகலம் கூடுவதே இல்லை. அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேமரா சரியாக அமைந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் ஸ்கேனர் 58 மிமீ நீளத்தை ஒரே மூச்சில் எடுக்குமா என்று முன்பே பாருங்கள். 35 மிமீ பிலிமுக்கான பல ஸ்கேனர்கள் 36 மிமீ நீளத்தோடு நின்றுவிடும். பிலிம் கழுவும் லேபிலும் வாயால் சொன்னால் போதாது. ஒருமுறை ஒரு லேபில் வழக்கம்போல ஆறு படத்துக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். குடும்பம் முழுவதும் வரிசையாக நின்ற படம் அது. பாட்டி ஒரு துண்டிலும் பேரப் பிள்ளைகள் இன்னொரு துண்டிலுமாக வந்தார்கள். இப்போதெல்லாம் டப்பாவின் மேலேயே மார்க்கரால் ‘வெட்ட வேண்டாம், சுருளாகவே தரவும்’ என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.