மலை ஸ்னோமொபைலின் முன் ஆர்ம்கள்: வலுவூட்டுவதா, மாற்றுவதா?

ஸ்னோமொபைல் என்பது முன்னால் இரண்டு ஸ்கீகளும் (சறுக்குப் பலகைகள்), பின்னால் சுழலும் டிராக் என்ற பட்டையும் கொண்ட பனி வண்டி. பனிக்கடியில் புதைந்து கிடக்கும் மரக்கட்டையில் ஸ்கீ மோதினால் அந்த அடி, ஸ்கீயைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டில் என்ற செங்குத்துத் துண்டுக்கு ஏறி, பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) வழியாக மேல், கீழ் ஏ-ஆர்ம்களுக்கு (‘A’ போல இரண்டு கால்கள் விரிந்த இணைப்புக் கைகள்) போய், கடைசியில் அவை மாட்டியிருக்கும் முன்சட்டமான பல்க்ஹெட்டில் இறங்குகிறது. அடி பலமாக இருந்தால் இந்த வரிசையில் ஏதோ ஒன்று வளைந்தே தீரும். ஆர்ம் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எது வளையவே வளையாது என்றுதான் தேடுகிறார்கள். எது வளைந்தால் பரவாயில்லை என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. வளைந்த ஆர்மைச் சில போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். பல்க்ஹெட் கோணிவிட்டால் ரிவெட்டுகளை அறுத்து, பல சமயம் எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். பசையிட்டு ஒட்டிய சேசிஸ் என்றால் வேலை இன்னும் கடினம். ஆர்ம் என்பது மின்சுற்றில் இருக்கும் ஃப்யூஸ் மாதிரி. அதைத் தடித்த கம்பியால் கட்டிவிட்டால் எரியப்போவது வேறொன்று.

இருக்கும் வழிகள் நான்கு: வண்டியோடு வந்த அதே வகை கம்பெனி ஆர்மையே மறுபடி போடுவது, அதற்குத் தகடு வைத்து வெல்டிங் செய்வது, குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) ஆர்முக்கு மாறுவது, அலுமினியத்துக்கு மாறுவது.

கம்பெனி ஆர்மைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீளம், கோணம் எதுவும் மாறாது, ஸ்டீயரிங்கை ஸ்கீயோடு இணைக்கும் டை ராடைத் தொட வேண்டாம், ஷாக்கின் (அதிர்வுதாங்கி) அமைப்பும் அப்படியே இருக்கும். பருவத்தின் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும்போது சின்ன அடிக்கே வளைவதுதான் இதன் மேல் சொல்லப்படும் குறை. ஆனால் அது வளைவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. வளைந்ததை நிமிர்த்திப் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை மடிந்து நிமிர்ந்த குழாயில் வெல்டிங் ஓரமாக விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

தகடு வைத்து வலுவூட்டுவதில்தான் பலர் இடம் தெரியாமல் வேலை செய்கிறார்கள். ஸ்கீ பின்னோக்கித் தள்ளப்படும்போது ஆர்மின் முன் கால் இழுபடுகிறது, பின் கால் நசுங்குகிறது. குழாய் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. அதனால் ஸ்கீ வாங்கும் அடியில் மடங்குவது பெரும்பாலும் பின் கால்தான். முன் காலுக்குத் தகடு வைத்தால், கட்டை நேராக ஆர்மிலேயே மோதும்போதுதான் பயன் தெரியும். இன்னொன்று, அடி விழும் ஸ்கீ கீழ் ஆர்முக்கும் கீழே இருக்கிறது. நெம்புகோல் கணக்கில் பார்த்தால் கீழ் ஆர்ம் தாங்குவது ஸ்கீயில் விழும் விசையை விடவும் அதிகம். மேல் ஆர்மில் எதிர்த்திசையில் அதைவிடக் குறைந்த விசையே வரும். எனவே வலுவூட்டுவதானால் கீழ் ஆர்மைத்தான். இரண்டு கால்களும் பால் ஜாயிண்ட் அருகே சேரும் முக்கிலும், ஷாக் மாட்டும் தாங்கியைச் சுற்றியும் சிறு தகடு போதும்.

தகட்டின் முனையைச் சட்டென்று வெட்டி நிறுத்தாமல் கூராக்கி முடியுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் தகடு முடியும் இடத்தில் குவிந்து, விரிசல் அங்கேயே தொடங்கும். வெல்டிங்கைக் குழாயின் நீளவாக்கில் போடுங்கள், குறுக்கே சுற்றிப் போடாதீர்கள். வெல்டிங்குக்கு முன் புஷ் (போல்ட் நுழையும் துளையின் உள்ளுறை), பால் ஜாயிண்ட் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். சூட்டில் ஆர்ம் முறுக்காமலிருக்க ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) இறுக்கிப் பிடித்தே செய்ய வேண்டும். பனி புகுந்து உறையக்கூடிய பொந்துகளை விட்டுவைக்காதீர்கள். கால் முழுக்க நீளத் தகடு அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த அடி நேரே பல்க்ஹெட்டுக்குத்தான் போகும்.

குரோமோலி என்று விற்பது பெரும்பாலும் 4130 எஃகு. சுமார் 0.3% கார்பன், 1% அளவில் குரோமியம், 0.2% அளவில் மாலிப்டினம். இது சாதாரண எஃகை விட விறைப்பானது என்ற நம்பிக்கை தவறு. விறைப்பைக் குறிக்கும் மீள்குணகம் இரண்டிலும் கிட்டத்தட்ட 200 ஜிகாபாஸ்கல்தான். கூடுவது, நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை. அதனால் மெல்லிய சுவருள்ள குழாயிலேயே அதே வலு கிடைக்கிறது, எடை குறைகிறது. ஆனால் மெல்லிய சுவரில் கல் பட்டு நெளிவு விழுந்துவிட்டால், அந்த இடத்திலேயே மடங்கும்.

குரோமோலியின் உண்மையான கவர்ச்சி வேறு. இந்த செட்டுகள் பல, ஸ்கீ அகலத்தை, அதாவது இரு ஸ்கீகளின் நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரத்தை, குறைத்து வருகின்றன. பாதையில் ஓட்டும் வண்டிகளில் அகலம் 42, 43 அங்குலம் இருக்கும். மலை வண்டிகளில் அது 36 முதல் 40 அங்குலம் வரைதான். அகலம் குறையக் குறைய வண்டியை ஒருபக்கம் சாய்த்துச் சரிவில் குறுக்காக ஓட்டுவது எளிதாகும், கெட்டிப் பாதையில் நிதானம் குறையும். ஆர்மைக் குட்டையாக்கிவிட்டு ஷாக் மாட்டும் இடத்தை மாற்றாமல் விட்டால், ஸ்கீ பக்கம் சஸ்பென்ஷன் கடினமாகும். அப்போது ஸ்பிரிங்கை மென்மையாக்க வேண்டிவரும். டை ராடின் நீளமும் அதற்கேற்ப மாற வேண்டும். அது பொருந்தாவிட்டால், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்கீ தானாகத் திரும்பும். செட்டில் டை ராட் இருக்கிறதா என்பதைத்தான் வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டும். கேம்பரை (ஸ்கீ பக்கவாட்டில் சாயும் கோணம்) திருகிச் சரிசெய்யும் ராட் எண்டுகள் (மரையுள்ள மூட்டு முனைகள்) வசதிதான், ஆனால் வளைவு விசையில் அவற்றின் மரைப்பகுதியே பலவீனமான இடம்.

அலுமினியத்தைக் கீழ் ஆர்முக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். வெப்பப் பதமிட்ட 6061-டி6 வகை அலுமினியம், வெல்டிங் செய்தால் சூடு பட்ட இடத்தில் வலுவின் கணிசமான பகுதியை இழக்கிறது. மறுபடி வெப்பப் பதமிடாவிட்டால் அது திரும்பாது. எஃகு மடிந்தபடியே வண்டியை வீடு சேர்க்கும், அலுமினியம் உடைந்தால் ஸ்கீ தனியே தொங்கும். ஆள் நடமாட்டமில்லாத மலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

என் தேர்வு இதுதான்: கம்பெனி கீழ் ஆர்ம், முக்கில் மட்டும் சிறு தகடு, மேல் ஆர்ம் மாற்றமில்லாமல், கைவசம் ஒரு உபரி செட். அகலத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் குரோமோலி.

எதைப் போட்டாலும் முதலில் போல்ட் கையால் தள்ளியே உள்ளே போகிறதா என்று பாருங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் பல்க்ஹெட் ஏற்கெனவே நகர்ந்திருக்கலாம். அதை அளக்காமல் புது ஆர்மை இறுக்காதீர்கள். புஷ்ஷையும் நைலான் வளைய நட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். வண்டி தரையில் நிற்க, ஹேண்டில்பார் நேராக இருக்க, இரு ஸ்கீகளும் இணையாகவோ முன்பக்கம் மொத்தமாக 3 முதல் 6 மில்லிமீட்டர் விரிந்தோ இருக்கலாம். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. ஸ்கீகளுக்கு இடையே மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருப்பது தெரியாது. டிராக்கின் பக்கத்தில் நேர்க்கோல் வைத்து ஒவ்வொரு ஸ்கீயையும் தனியாக அளவெடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.