ஏலக்காய் விலைச் செய்தி: க்ரானா, அஜெண்டாவா, புல்எம்க்யூவா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் முடிந்ததும் அன்றைய விலை விவசாயிகளின் கைப்பேசிக்குப் போய்விட வேண்டும். தோட்டம் போடிமெட்டுக்கு மேலே இடுக்கியில், வீடு கீழே போடியில் என்று இருப்பவர்கள் நிறைய. இடுக்கியின் புத்தடி ஏல விலையையும் சேர்த்தே கேட்பார்கள். ஒரு வியாபாரிக்காக இதை நோடில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ்) எழுதியபோது, குறித்த நேரத்தில் வேலையை ஓட்ட நான்கு வழிகளைப் பழகிப் பார்த்தேன்.

முதலில் வெறும் செட்டைம்அவுட், 'இவ்வளவு நேரம் கழித்து ஓடு' என்று சொல்லும் நோடின் சொந்தக் கட்டளை. பாக்கிப் பணத்தை 30 நாள் கழித்து நினைவூட்டச் சொன்னேன். செய்தி அந்த நொடியே போய்விட்டது. அது தாங்குவது 214,74,83,647 மில்லி விநாடி, அதாவது 24.8 நாள்தான். அதைத் தாண்டினால் நோட் 1 மில்லி விநாடி என்று எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் நோட்-க்ரான், லினக்ஸின் க்ரான் நேரக் குறியீட்டை நோடில் எழுத விடும் நூலகம். "30 17 * * 1-5" என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5.30. லினக்ஸ் பழகியவருக்குச் சரி. என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. நேர மண்டலத்தையும் எழுதிவிடுங்கள். யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓடும் சர்வரில் மாலைச் செய்தி இரவு 11 மணிக்குத்தான் போகும். இதைவிடப் பெரிய குறை, எல்லாம் நினைவகத்தில் இருப்பது. 5.29க்கு சர்வர் விழுந்து 5.32க்கு எழுந்தால் அன்றைய செய்தி அவ்வளவுதான்.

அஜெண்டா என்ற நூலகம் வேலைகளை மோங்கோடிபி தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. சர்வர் எழுந்ததும் விட்டதை எடுத்துச் செய்யும். 'எவ்ரி 5 மினிட்ஸ்', 'டுமாரோ அட் நூன்' என்று நேரத்தைப் பேச்சு போலவே கொடுக்கலாம். தம்பி ஒரே பார்வையில் புரிந்துகொண்டான். எனக்கு இது சின்ன விஷயமில்லை. நான் ஊரில் இல்லாத நாளில் கோளாறைத் திருத்தப் போவது அவன்தானே? ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வேலை நடுவில் செத்தால், வேறொன்று அதை எடுக்காமலிருக்கப் போட்ட பூட்டு 10 நிமிடம் கழித்துத் திறந்து, முதலிலிருந்து மறுபடி ஓடும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வேலையாக வைத்தால் பாதிப் பேருக்கு விலை இரண்டு முறை போகும். அதனால் ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்தேன்.

புல்எம்க்யூ, நினைவகத்தில் தரவை வைக்கும் ரெடிஸை நம்பி ஓடும் வேலை வரிசை நூலகம், நான்கில் பலசாலி. தோற்றால் 5 முறை முயல், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கு, நொடிக்கு 10 செய்திக்கு மேல் அனுப்பாதே: எல்லாவற்றையும் அமைப்பிலேயே சொல்லிவிடலாம். அஜெண்டாவில் மறுமுயற்சியை நானே எழுத வேண்டியிருந்தது. ஆனால் ரெடிஸை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். நினைவகம் நிறைந்தால் பழையதைத் தூக்கி எறியும் அமைப்பில் அதை விட்டால் வரிசையே கலைந்துவிடும், 'நோஎவிக்‌ஷன்' (எதையும் எறியாதே என்ற அமைப்பு) கட்டாயம்.

சில நூறு பேருக்கு அனுப்பும் இந்த வேலைக்கு அஜெண்டாவையே வைத்துக்கொண்டேன். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனால் அனுப்பும் பகுதியை மட்டும் புல்எம்க்யூவுக்கு மாற்றுவேன். நேரம் சொல்லும் வரிகளைத் தொட மாட்டேன்.