ஹாட்மெயிலுக்குப் பின்னால் ஓடிய ஃப்ரீபிஎஸ்டி: கால் நூற்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1999இல் ஒரு பிரௌசிங் சென்டரில் அமர்ந்து தொடங்கிய ஹாட்மெயில் கணக்கை இன்றும் பயன்படுத்தி வருகிறேன். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய அந்தச் சேவையை மைக்ரோசாஃப்ட் 1997 டிசம்பரில் வாங்கியது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் வாங்கிய பிறகும் அதன் இணைய சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளமும், வலைப்பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி என்ற மென்பொருளும், பயனர் தரவு இருந்த பின்தளத்தில் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளமும் ஓடிக்கொண்டிருந்தன என்பதைச் சர்வர் நிர்வாகியாக வேலைக்குச் சேர்ந்த பிறகே அறிந்தேன். விண்டோஸ் சர்வரை விற்ற நிறுவனம் தன் சொந்த மின்னஞ்சல் சேவையை, நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளில் நடத்திய வேடிக்கை அது. 2000இல் இணைய சர்வர்கள் விண்டோஸ் 2000க்கு மாற்றப்பட்டன. 2 எம்பி இடத்துக்குள் கடிதங்களை அழித்து அழித்துக் காலம் தள்ளிய எனக்கு, முன்னும் பின்னும் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

வேறுபாடு தெரிந்தது அலுவலகத்தில்தான். ஒரு தனியுரிம மென்பொருள் நிறுவனத்தின் விற்பனையாளர், இலவச மென்பொருளை நம்பி சர்வர் நடத்தக் கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினார். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய நிறுவனத் தளத்தின் 80ஆம் போர்ட்டுக்கு, அதாவது வலைப்பக்கங்களைக் கேட்கும் வாயிலுக்கு, டெல்நெட் என்ற கருவியில் இணைந்து பார்த்தேன். சர்வர் மென்பொருளின் பெயரைச் சொல்லும், பதிலின் தலைப்பு வரியில் அப்பாச்சி என்றிருந்தது. அவர் சிரித்துவிட்டு விலைப்பட்டியலை எடுத்தார்.

அந்தத் தலைப்பு வரியையும் முழுக்க நம்பிவிட முடியாது. 2003 ஆகஸ்டில் விண்டோஸ் கணினிகளைத் தாக்கிய பிளாஸ்டர் என்ற தீநிரல் புழு பரவியபோது, மைக்ரோசாஃப்ட் தன் தளத்தை, பிற தளங்களுக்காக இடையில் நின்று பக்கங்களை வழங்கும் அகமாய் நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களுக்குப் பின்னால் வைத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு விண்டோஸில் மட்டுமே ஓடும் மைக்ரோசாஃப்டின் வலை சர்வர் மென்பொருளான ஐஐஎஸ், லினக்ஸில் ஓடுவதைப் போன்ற, நடக்கவே முடியாத காட்சி தெரிந்தது. இடையில் நின்ற சர்வர், மூல சர்வரின் தலைப்பு வரியை அப்படியே கடத்தியதே காரணம்.

மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிச் சேவையான அசூரில் லினக்ஸ் மெய்நிகர் கணினிகளை 2016 முதல் நடத்தி வருகிறேன். மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை 2012இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2009 ஜூலையில், மெய்நிகர் கணினிகளை நடத்தும் தன் ஹைப்பர்-வி மென்பொருளுக்கான சுமார் 20,000 வரி இயக்கி நிரல்களை, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வழங்கியிருந்தது. லினக்ஸைப் புற்றுநோய் என்று மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் சொல்லி அப்போது எட்டாண்டுகளே ஆகியிருந்தன. என் அனுபவத்தில் அதிகம் பயன்பட்டவை அந்த இயக்கிகளே: கெர்னலை மேம்படுத்திய ஒவ்வொரு முறையும் வட்டும் வலையமைப்பும் தனியாக எதையும் நிறுவாமலே வேலை செய்தன. அசூரின் வலையமைப்பு ஸ்விட்சுகளிலும், மைக்ரோசாஃப்ட் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட சோனிக் என்ற ஸ்விட்ச் இயங்குதளம் ஓடுகிறது. அதை நான் நேரடியாகத் தொட்டதில்லை என்பதால் மதிப்பிட இயலாது.

அண்மையில், பல கணினிகளில் செயலிகளைப் பரப்பி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் தொகுதி ஒன்றுக்கு, உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்குப் பதிலாக, மைக்ரோசாஃப்டே தொகுத்து 2023இல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட அசூர் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். தேவையற்ற பொதிகள் இல்லாததால் பாதுகாப்புத் திருத்தங்களின் பட்டியல் குறுகிவிட்டது. ஆனால் அது ஆர்பிஎம் வகை மென்பொருள் பொதிகளைப் பயன்படுத்துவதால், உபுண்டுவின் பொதி நிறுவும் கருவியான ஏபிடியை நம்பி பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்திருந்த ஸ்கிரிப்டுகளில் பாதியை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மீதிப் பாதி இன்னும் காத்திருக்கிறது.