ஆடும் பீரோவுக்கு மரச்சக்கையா, திருகு காலா?

ஏற்காட்டில் நாங்கள் இருப்பது பழைய ஓட்டு வீடு. சிவப்பு ஆக்சைடு தரை. கழுவிவிட்டால் தண்ணீர் வாசல் பக்கம் ஓடட்டும் என்று வாட்டம் கொடுத்துப் போட்டது. வம்பு பீரோவுக்குத்தான். ரசமட்டம் வைத்தால் குமிழி ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும், முன்கால் ஒன்று அந்தரத்தில். கதவைத் திறந்தால் தானாகவே முழுசாக விரியும்.

முதலில் அந்தக் காலுக்கு அடியில் மரச்சக்கை, அதாவது ஆப்பு மாதிரிச் சீவிய துண்டு, வைத்தேன். சில்வர் ஓக் துண்டில் தச்சர் சும்மாவே சீவிக் கொடுத்தார். ஆனால் மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழையில் கச்சிதமாக நின்ற சக்கை, மார்ச்சில் துடைப்பத்தோடு வந்துவிட்டது. (மடித்த அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு தடவை தரை துடைத்தால் கூழ்.)

திருகு கால் என்றால் போல்டைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கால். அதைப் பொருத்தப் பீரோவைக் காலி செய்து, படுக்கப்போட்டு, ஓட்டை போட வேண்டும். அரைநாள் வேலை, காசும் செலவு. ஆனால் அதிலுள்ள எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர்தான் ஏறும். ஸ்பேனரில் கால் சுற்று, அரைச் சுற்று என்று குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அடியில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஆக்சைடு தரையில் வட்டமாகத் தழும்பு விழும்.

சேலத்தில் அக்கா வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குச் சக்கையே போதும். கனமான பீரோ என்றால் என் ஓட்டு திருகு காலுக்குத்தான். குழந்தைகள் இழுத்தேறும் வீட்டில் இரண்டுமே கவிழ்வதைத் தடுக்காது. மேலே ஒரு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கிவிடுங்கள்.