குந்தெரியா கார்ட்னெரியா? கூரியர்ல முட்டை வாங்கி கில்லி வளர்க்கப் போறவங்களுக்கு

கில்லி மீன், அதாவது தொட்டியில வளர்க்குற கில்லிஃபிஷ்ங்கிற சின்ன அழகு மீன், அதோட முட்டையை வாங்கி வீட்லயே பொரிக்க வைக்கணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் ரெண்டு பேருக்கு நடுவுலதான் முழிப்பாங்க. ஒண்ணு நோத்தோபிராங்கியஸ் குந்தெரி, இன்னொண்ணு ஃபண்டுலோபாங்க்ஸ் கார்ட்னெரி. நான் இப்ப குந்தெரி ஆளு, அதனால கீழ இருக்கிற எல்லாத்தையும் அந்தச் சாய்வோடயே படிங்க. கார்ட்னெரியில எனக்கு அனுபவம் கம்மி, அதை வருஷக்கணக்குல வச்சிருக்கிறவங்க வேற மாதிரி சொல்லலாம்.

கோல்டன் ஒண்டரும் கில்லிதானேன்னு கேப்பீங்க. ஆமா, நம்ம தென்னிந்திய ஆத்துலயும் குளத்துலயும் திரியுற அப்லோகைலஸ் லினியேட்டஸோட மஞ்ச வகைதான் அது. சென்னை கொளத்தூர் மீன் கடைக்குப் போனா உசுரோடவே கிடைக்கும், முட்டைக்கு எதுக்கு கூரியர்? பத்து சென்டிமீட்டர் வளரும், வாய்க்குள்ள போற சைஸ்ல எது இருந்தாலும் முழுங்கும், மூடி இல்லன்னா குதிச்சுரும். அதை விட்டுருவோம்.

குந்தெரி சான்சிபார் தீவு மீன். மழைக்கு ரொம்பி வெயில்ல காஞ்சு போற குட்டைங்கதான் அதுக்கு வீடு. குட்டை வத்துனா மீன் மொத்தமும் செத்துரும், சேத்துல இருக்கிற முட்டை மட்டும் அடுத்த மழை வரைக்கும் அப்படியே கிடக்கும். ஆண் மீன் நீலப்பச்சை உடம்பு, சிவப்பு வாலு, அஞ்சு சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கும். பொண்ணு மீன் வெறும் சாம்பல் கலரு. கார்ட்னெரி நைஜீரியா, கேமரூன் பக்கத்து ஓடைங்கள்ல இருக்கிறது, ஆறு சென்டிமீட்டர் வரும், ஸ்டீல் நீலத்துல சிவப்புப் புள்ளி. அழகுல எது பெருசுன்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், போட்டோ பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க. சாப்பாட்டுல வித்தியாசம் இல்ல, ரெண்டு குஞ்சும் முதல் நாள்லயே ஆர்ட்டீமியா குஞ்சைத் தின்னும், உப்புத் தண்ணில வாழுற பொடி இறால் மாதிரி உசுரு அது. கப்பி மாதிரி பவுடர் போட்டு ஒப்பேத்த முடியாது, அந்தச் செலவும் வேலையும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஒரே விஷயம், முட்டை காத்திருக்குமா காத்திருக்காதாங்கிறது.

கார்ட்னெரி முட்டை தண்ணில ரெண்டுல இருந்து மூணு வாரத்துல பொரிஞ்சுரும், நம்ம ஊரு சூட்டுல இன்னும் சீக்கிரமே. அனுப்புறவரு, மீன் முட்டை ஒட்டுறதுக்காகத் தொட்டியில தொங்கவிட்ட உல்லன் நூல் கொத்துல (மாப்) இருந்து முட்டையை ஒண்ணொண்ணா விரல்ல பொறுக்கி, ஈரப் பாசியிலயோ பீட்லயோ (மக்கின பாசித் தூள்) வச்சு அனுப்புவாரு. கூரியர் ரெண்டு நாள்ல வந்தா சந்தோஷம். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு பண்டிகை லீவுன்னு இழுத்துருச்சுன்னா, பழைய முட்டையா இருந்தா வழியிலயே வெடிச்சு குஞ்சு பைக்குள்ளயே போயிரும், ரொம்ப இளசா இருந்தா குலுக்கல்லயும் சூட்லயும் வெள்ளையாகி பூஞ்சை புடிச்சுரும். வந்து சேந்ததும் ஒரே நாள்ல எல்லாம் பொரியாது, இன்னிக்கு நாலு, நாளைக்கு ரெண்டு, ஒரு வாரம் கழிச்சு அஞ்சுன்னு வரும், முன்னாடி வந்தது பின்னாடி வந்ததை விடப் பெருசாகி அதையே தின்னப் பாக்கும், நீங்க டப்பா டப்பாவா பிரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா தீனி போட்டுக்கிட்டு தண்ணி மாத்திக்கிட்டு இருக்கணும்.

குந்தெரில இந்தத் தலைவலி இல்ல. முட்டை வர்றதே லேசான ஈரத்துல இருக்கிற பீட் இல்லன்னா கோகோ பீட்ல (தேங்கா நார்த் தூள்), ஜிப் கவர்ல போட்டு. புட்டு மாவு பதம்னு வச்சுக்கோங்க, புடிச்சா புடிபடணும், விட்டா உதிரணும். கவர் மேல எந்த ஊரு இனம், எந்தத் தேதி எடுத்தது, எப்ப தண்ணில நனைச்சுப் பொரிக்க வைக்கலாம்னு எழுதியிருக்கும், எழுதாத கவரை வாங்காதீங்க. முட்டைக்குள்ள இருக்கிற கரு வளர்ச்சியை நடுவுல நிறுத்தி வச்சுக்கும், டயபாஸ்னு சொல்லுவாங்க, மூணு கட்டத்துல அப்படி நிக்க முடியும். அதனால கூரியர்காரரு நாலு நாள் லேட்டா வந்தாலும் உங்களுக்குக் கவலை இல்ல. எடுத்த தேதில இருந்து சுமாரா மூணு மாசம் பொறுக்கணும், கொஞ்சம் முன்னபின்ன ஆகும், சூடு இருந்தா கண்ணு சீக்கிரம் தெரியும். ஒரு சிட்டிகை பீட்டை வெள்ளைப் பேப்பர்ல கொட்டி லென்ஸ் வச்சுப் பாருங்க, முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், உள்ள ரெண்டு கருப்புக் கண்ணு, சுத்தி தங்க வளையம் தெரிஞ்சா ரெடி.

ரெடி ஆனதும் உடனே நனைக்கணும்னு கட்டாயமும் இல்ல. ஆபீஸ்ல வேலை நெட்டி முறிக்குதா, ஊருக்குப் போகணுமா, இன்னும் கொஞ்ச நாள் அலமாரியிலயே கிடக்கட்டும். நனைக்கிறதுக்கு முந்தின நாள் ஆர்ட்டீமியாவை உப்புத் தண்ணில ஏர் போட்டு வச்சுருங்க, 24 மணி நேரத்துல பொரிஞ்சுரும். மறுநாள் தட்டையான டப்பால பீட்டைக் கொட்டி, 18ல இருந்து 20 டிகிரி இருக்கிற தண்ணியை நாலு விரக்கடை ஆழத்துக்கு ஊத்துங்க. சென்னையில குழாயில அந்தத் தண்ணி வராது, ஃப்ரிட்ஜ்ல வச்ச தண்ணியைக் கலந்துதான் ஆகணும். சில மணி நேரத்துல கண்ணு மட்டும் ரெண்டு புள்ளியா ஓடுறது தெரியும், பெரும்பாலானது அன்னிக்கே வந்துரும். எல்லாம் ஒரே வயசு ஒரே சைஸ், ஒரே டப்பா ஒரே தீனி. வேலைக்குப் போற ஆளுக்கு இதை விட வேற என்ன வேணும்?

சிலது நீந்தாம அடியிலயே வயித்தைத் தேச்சுக்கிட்டுக் கிடக்கும். காத்துப்பை ரொம்பலன்னா அப்படி ஆகும், அவசரப்பட்டு சீக்கிரம் நனைச்சா இது ஜாஸ்தி. அதுங்க தேறாது. பொரியாத முட்டையைத் தூக்கிப் போட்டுராதீங்க. பீட்டைப் பிழிஞ்சு திரும்பக் கவர்ல கட்டி மூணு நாலு வாரம் கழிச்சு மறுபடி நனைச்சா இன்னும் கொஞ்சம் வரும். சான்சிபார்ல மார்ச்சுல இருந்து மே வரைக்கும் ஒரு மழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இன்னொண்ணு, நடுவுல ஏமாத்து மழை ஒண்ணு பேஞ்சு குட்டை திரும்பக் காஞ்சா மொத்த வம்சமும் போயிரக் கூடாதுல்ல, அதான் எல்லா முட்டையும் ஒரே நனைப்புல பொரியாது.

குறை இல்லாம இல்ல. குந்தெரி ஒரு வருஷம் இருந்தா பெரிய விஷயம். இதே நோத்தோபிராங்கியஸ் வகையில ஃபுர்செரின்னு ஒரு மீன் இன்னும் மோசம், வாழ்க்கை சில மாசம்தான், அதனாலதான் முதுமையைப் பத்தி ஆராய்ச்சி பண்ற லேப்ல அதை வளர்க்குறாங்க. கார்ட்னெரி ரெண்டு மூணு வருஷம் நிக்கும், வீட்ல குழந்தைங்க பேரு வச்சுக் கூப்புடுற மீன் வேணும்னா அதையே வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன். குந்தெரிக்கு வெல்வெட் நோயும் சட்டுனு வரும், உடம்புல மஞ்சப் பொடி தூவின மாதிரி தெரியும். அஞ்சு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு போட்டு வச்சிருக்கிறது நல்லது, அயோடின் உப்பு வேண்டாம்.

ஆனா அந்த ஒரு வருஷக் கணக்கே எனக்கு வசதியாவும் இருக்கு. ஒன்றரை மாசத்துல கலர் வந்து முட்டை போட ஆரம்பிச்சுரும். நல்லாக் கொதிக்க வச்சு அலசின கோகோ பீட்டை, அது பொள்ளாச்சி சரக்கு எங்கயும் கிடைக்கும், ஒரு சின்ன டப்பால போட்டு மூடியில ஓட்டை போட்டு தொட்டிக்குள்ள இறக்குனா ஜோடி அதுக்குள்ளயே போயி புதைச்சுட்டு வரும். வாரம் ஒரு தடவை எடுத்து வலையில பிழிஞ்சு, பேப்பர்ல பரப்பி, கவர்ல போட்டு தேதி எழுதி வச்சா முடிஞ்சுது. கோடையில தொட்டித் தண்ணி 32 தொடுற வீட்ல மீனைக் காப்பாத்துறதுக்குப் பதிலா கவரை வீட்லயே குளிர்ச்சியான ரூம்ல தெர்மோகோல் டப்பால வச்சுரலாம், தொட்டியையே கழுவிக் கவுத்துரலாம். ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க. நண்பருக்குக் குடுக்கணும்னாலும் மீனை ஆக்சிஜன் அடிச்சுக் கட்ட வேண்டாம், கவரை ஸ்பீட் போஸ்ட்ல போட்டா போதும்.

வாங்குறதா இருந்தா நவம்பர்ல இருந்து ஜனவரிக்குள்ள வாங்குங்க, கூரியர் வண்டிச் சூட்டுல முட்டை வேகாது. ஆர்டர் போடும்போதே எடுத்த தேதியைக் கேளுங்க, ரெண்டு மாசத்துக்கு மேல ஆனதைக் கேட்டு வாங்குனா பொங்கல் லீவுல நனைக்கிற மாதிரி அமையும்.